சிவப்புப் புள்ளி

“எதையும் எடுக்காதே அக்கா! போட்டது போட்டபடி வெளியே வா!”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவள் லட்சியம் செய்யவில்லை. காதில் அழுத்திப் பிடித்த போனும், திரையில் மினுங்குகிற சிவப்புப் புள்ளியும் தவிர அவளுக்கு அப்போது வேறு உலகமே இல்லை.

அக்காவின் தெருவுக்கு அடியில் ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருக்கிற வீடுகள் சாய்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கருவி. அளவெடுப்பவர் வீடு வீடாகப் போய்க் குறித்து, எக்செல் ஃபைலாக அனுப்புவார். அதைக் கண்காணிப்பு சாஃப்ட்வேரில் ஏற்றுவது அவள் வேலை. ஏற்றியதும் வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளியாக எரியும். பச்சை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். சிவப்பு என்றால் ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும்.

இன்றைக்கு அந்த ஃபைல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. நடுவில் ஒரு கட்டம் காலியாம். ஏதோ ஒரு வீடு பூட்டியிருந்தது, அளவு எடுக்கவில்லை என்று அளவெடுப்பவர் காலையிலேயே சொல்லியிருந்தார். அவள் அந்தக் காலிக் கட்டத்தை நீக்கினாள். ஃபைல் சமர்த்தாக உள்ளே போனது.

தெருக்கோடி வீடு மட்டும் நிறமில்லாமல் நின்றது. பூட்டிய வீடு அதுதான் போலிருக்கிறது என்று நினைத்தவள், அடுத்த நொடி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். அக்கா வீடு சிவப்பாக எரிந்தது!

“என்னடி உளர்றே? இங்க சுவத்துல ஒரு கீறல்கூட இல்ல.” அக்காவின் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. “நாளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் குடுத்தாகணும். மழை வேற கொட்டுது. படுத்த படுக்கையா இருக்கற மாமியாரத் தூக்கிக்கிட்டு நான் எங்கடி போவேன்?”

“கீறல் விழுந்தப்புறம் ஓட முடியாதுக்கா. உன் கால்ல விழறேன், கெளம்பு!”

மேனேஜர் வந்து பின்னால் நின்றார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“கொஞ்சம் நிதானமா இருங்கம்மா. நேத்துவரைக்கும் பச்சையா இருந்த வீடு இது. அளவுல ஏதோ கோளாறு. இத நம்பி சுரங்க வேலைய நிறுத்தினா மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?”

“உள்ள இருக்கறது எங்க அக்கா சார்!”

“அதனாலதான் சொல்றேன். அக்கா வீடுன்னதும் பதறிட்டீங்க. அளவெடுக்கறவர் அனுப்பின ஃபைல அப்படியே எடுத்து இன்னொரு தடவை ஏத்துங்க. அப்பவும் சிவப்புன்னா நானே நிறுத்தச் சொல்றேன்.”

இந்த மனுஷருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போன பிறகு அவளுக்கு இருப்பது அந்த ஒரு அக்காதான். அது இவருக்கு எங்கே தெரியப்போகிறது? மறுபடி போனைக் காதில் வைத்தாள்.

“அக்கா, தூரமா எங்கயும் போக வேணாம். பக்கத்துல காலி மனையைத் தாண்டினா பல் டாக்டர் வீடு இருக்குல்ல, அங்க போயிடு. அது பச்சை. கல்லு மாதிரி நிக்குது. நான் பொறுப்பு.”

தையல் மெஷின் நின்றது.

“நெஜமாத்தான் சொல்றியா?”

“உன் மேல சத்தியமா.”

“சரி. நாலு பேரக் கூப்பிட்டு கட்டிலோட தூக்கறேன். கெழவி வேற வழியெல்லாம் திட்டித் தீர்க்கும்.”

அக்கா போனை வைத்தாள். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு சிவப்புப் புள்ளியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ‘டாக்டர் வீட்டுக்கு வந்துட்டோம். காபி குடிக்கிறோம்.’

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிழைத்தோம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேனேஜர் வாயை அடைப்பதற்காகவாவது அந்த ஃபைலை மறுபடி திறந்தாள்.

இந்தத் தடவை காலிக் கட்டத்தை நீக்கவில்லை. அதில் ‘அளவு இல்லை’ என்று எழுதினாள். எழுதும்போதுதான் வீட்டின் பெயரைக் கவனித்தாள். அது தெருக்கோடி வீடு இல்லை. பட்டியலில் அக்கா வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற, பக்கத்து கம்பவுண்டர் வீடு.

அவள் கட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். முதல் தடவை அந்தக் கட்டத்தை நீக்கியபோது, அதற்குக் கீழே இருந்த அளவுகள் எல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறியிருக்கின்றன. ஒரு வீட்டு அளவு இன்னொரு வீட்டின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஃபைல் ஏறியது. அக்கா வீடு பச்சையாக மாறியது. சிவப்பு, காலி மனையைத் தாண்டி அடுத்த புள்ளிக்குப் போய் நின்றது.

“நான் அப்பவே சொன்னேன்ல, உங்க அக்கா வீட்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு!” என்று மேனேஜர் சிரித்தார்.

“நிறுத்தச் சொல்லுங்க சார்! உடனே நிறுத்தச் சொல்லுங்க!” என்று அலறியபடி அவள் போனை எடுக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. அக்காதான். இவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். தங்கையைப் பற்றிய பெருமை குரலில் வழிந்தது.

“கவலைப்படாதடி, உன் பேச்ச நம்பி தெரு மொத்தமும் இப்ப டாக்டர் வீட்டுக்குள்ளதான் இருக்கு!”