தோமினிக் உயிர் கொடுத்த கார்

பரமத்தி வேலூரிலிருந்து பழைய காரைப் பழுது பார்க்கக் கொண்டு வந்திருந்த சென்னிமலையிடம், தோமினிக் தன் முதல் கார்க் கதையை ஆரம்பித்தார். சமையலறையில் அவர் மனைவி தெரசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு வருஷத்தைத் தின்ற கார் அது.

"கோழி அடைஞ்சு கெடந்த வண்டிங்க. அம்பத்தஞ்சாம் வருஷம் ஏற்காடு மலையையே ஏற வெச்சேன்!"

உள்ளே பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

"ஊட்டுக்காரம்மாவுக்குக் கோவமாட்டம் இருக்குதுங்க," என்றார் சென்னிமலை.

"அந்தக் கார்ப் பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஆகாதுங்க."

"பத்து வருஷமா இதே பீத்தல்," என்று பல்லைக் கடித்தாள் தெரசம்மாள்.

"என்ற வண்டியும் மேட்டுல இழுக்க மாட்டேங்குதுங்க. உங்க வண்டிக்கு வால்வுல என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார் சென்னிமலை.

தோமினிக் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே பார்த்து மெல்லக் கேட்டார். "தெரசா, வால்வுல என்ன பண்ணினே?"

தெரசம்மாள் விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"எங்கப்பா பட்டறையில கத்துக்கிட்ட மாதிரி தேய்ச்சு உட்கார வெச்சேன். மொத்த எஞ்சினையும் நான்தான் பிரிச்சுப் பூட்டினேன். இவரு பக்கத்துல நின்னு லாந்தர் பிடிச்சாரு!"

சென்னிமலை எழுந்து, கார்ச் சாவியை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே பாத்துருங்க, அம்மிணி."