வான்கோழி டீச்சர்

சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போட்டுவிட்டாள் ஜெனி.

ஜெனியின் அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ரிமோட்டின் பேட்டரி ஒன்றைக் காலையிலேயே எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தவள் அவள்தான். ஏழு வயது மகளின் மூளை எங்கெல்லாம் போகும் என்று தெரியாதவளா? ஆனாலும் கடிகாரத்தை மறந்துவிட்டாள்.

டிவி ஓட ஆரம்பித்தது.

சோபாவில் மதினி உட்கார்ந்திருந்தாள். கணவனின் அக்கா. நேற்றுதான் சாத்தான்குளத்திலிருந்து வந்தாள். ஜெனி ஓடிப்போய் அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். தரையில் சம்மணம் போட்டு ஆசீர். பெண்டாட்டியின் பெருமையை அக்காவுக்குக் காட்டாமல் இன்று அவனுக்குச் சோறு இறங்காது.

"யக்கா, இப்ப ஒரு வான்கோழி வரும் பாரு. அது இவதான்."

கார்ட்டூன் எங்கோ வெளிநாட்டில் எடுத்தது. காட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு வான்கோழி டீச்சர். தமிழில் அதற்குக் குரல் கொடுத்தது அவள். பன்னிரண்டு வருஷமாக டப்பிங் பேசுகிறாள், ஒரு நாய்கூட அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த வான்கோழி வந்த பிறகு, குடியிருப்பின் வாட்ச்மேனிலிருந்து மூன்றாம் மாடி வக்கீல்வரை அந்தக் குரலிலேயே அவளுக்கு வணக்கம் சொன்னார்கள்.

வான்கோழி வழுக்கி விழுவதற்குக் குழந்தைகள் சிரித்தார்கள். அது பேசுவதற்குப் பெரியவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பேச்சுதான் வினை.

முதல் நாள் ரெக்கார்டிங். தமிழ் வசனம் நாலே வார்த்தை. திரையில் வான்கோழியின் அலகோ எட்டுத் தடவை திறந்து மூடியது. மிச்ச அலகசைவுக்கு எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். மைக் முன்னால் நின்றவளின் வாயில் அது தானாக வந்துவிட்டது.

"அதா... அதா... அதாவது..."

ஒரு மூச்சு. பிறகு மீதி வார்த்தைகள் கடகடவென்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் டைரக்டர் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். இதையே கடைசிவரை வைத்துக்கொள்ளச் சொன்னார். அவளும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

உறைத்த பிறகும் இருபத்தாறு பகுதிகள் பேசினாள்.

மதினிக்குச் சின்ன வயதிலிருந்தே வார்த்தை சிக்கும். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். வாக்கப்பட்டுப் போன வீட்டில் அவள் முடிக்கும்வரை பொறுக்காமல் ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்தால்தான் மதினி வாய் ஓயாமல் பேசுவாள். இங்கே எல்லோரும் காத்திருப்பார்கள்.

ஜெனி பிறந்தபோது நாற்பது நாள் வந்திருந்து, பத்தியம் பொங்கிப் போட்டு, கட்டிலருகே உட்கார்ந்து சிக்கிச் சிக்கிக் கதை சொன்னவள் மதினி. அந்தப் பேச்சைத்தான் ஊரே சிரிக்க மைக்கில் பேசிவிட்டு வந்தாள் இவள்.

வான்கோழி திரைக்கு வந்தது.

"அதா... அதா... அதாவது..."

ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆசீர் தொடையைத் தட்டிக்கொண்டான். அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவள் பேச்சில் வித்தியாசமாக எதுவும் அவன் காதில் விழுந்ததே இல்லை.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மதினிதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அடுப்படி வாசலில் நின்றவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மதினி கண்டுபிடிக்கவில்லை. தான் பேசுவது வெளியே எப்படிக் கேட்கும் என்று யாருக்குத்தான் தெரியும்! அப்பாடா என்றிருந்தது. அப்படி நினைத்ததற்காகவே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

வான்கோழி வழுக்கி விழுந்தது. எழுந்து மறுபடி ஆரம்பித்தது.

இந்தத் தடவை ஜெனி திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்தபடியே அண்ணாந்து அத்தையின் வாயைப் பார்த்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். மறுபடியும் அத்தையின் வாயை.

முகமெல்லாம் சந்தோஷம். தனக்குப் பிடித்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்துகொண்ட சந்தோஷம்.

மதினி குனிந்து அந்தப் பார்வையைப் பார்த்தாள்.

சிரிப்பு உடனே நின்றுவிடவில்லை. உதட்டில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு போய்விட்டது.

அடுப்படிப் பக்கம் மதினி திரும்பவில்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால்கூடத் தேவலை.

மன்னிச்சிருங்க மதினி. இரண்டே வார்த்தை. கிழவி, குழந்தை, குரங்கு, ராணி என்று நாற்பது குரலில் பேசத் தெரிந்தவளுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு குரல் வரவில்லை. 

கார்ட்டூன் முடிந்து பெயர்கள் ஓடின.

"யக்கா, எப்படிப் பேசியிருக்கா? நீ சொல்லு."

மதினி வாயைத் திறந்தாள்.

வழக்கம்போல எல்லோரும் காத்திருந்தார்கள். ஆசீர் காத்திருந்தான். ஜெனி காத்திருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளும் காத்திருந்தாள்.

மதினி வாயை மூடிக்கொண்டாள்.

கையைத் தூக்கினாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, பிரமாதம் என்று காட்டினாள்.

இந்த வீட்டில் மதினி கையால் பேசி அவள் பார்த்ததே இல்லை.

"பாத்தியா, அக்காவே சொல்லிட்டா" என்று ஆசீர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.