எருக்கு முளைத்த கல்லறை

"இதைப் பார்த்தா யாராவது ஒரு டீச்சர் வீட்டுக் கல்லறைன்னு சொல்லுவாங்களா?"

சூசைநாதன் போட்ட சத்தத்தில், கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டியோடு குனிந்திருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். மைசூரில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பாதி இந்த வாரம் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாக இங்கேதான் இருக்கும். புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவி, வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு வைத்தால், சாமியார் வந்து ஒவ்வொன்றாக மந்திரித்துவிட்டுப் போவார்.

எல்லாக் கல்லறையும் பளிச்சென்று இருக்க, நாற்பத்தேழாம் நம்பர் மட்டும் இடுப்புயர எருக்கஞ்செடிக்குள் ஒளிந்து கிடந்தது. பேர்கூடத் தெரியவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினால், அந்த நம்பருக்கு நேரே 'பொறுப்பு: ஜெசிந்தா' என்று மட்டும் இருந்தது. ஹைஸ்கூலில் சயின்ஸ் எடுக்கிறவள்.

சூசைநாதன் கல்லறைத் தோட்டக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. அதிகாரம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. போன் போட்டு அவளை வரவழைத்துவிட்டார். பக்கத்தில் சித்தையன், களைக்கொல்லி டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கொள்ளேகாலிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்.

"ரூல் தெரியும்ல டீச்சர்? மூணு வருஷம் கவனிக்காம விட்ட குழியை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம். எத்தனை குடும்பம் இடம் கேட்டுக்கிட்டு இருக்கு!"

"கவனிக்காம இல்லை அங்கிள். வாராவாரம் வர்றேன்."

"வந்து? இந்தக் காட்டை வேடிக்கை பார்த்துட்டுப் போறீங்களா?"

"ஆமா அங்கிள்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சித்தையா, அடி மருந்தை!"

"ஒரே நிமிஷம் அண்ணா!" ஜெசிந்தா குறுக்கே போய் நின்றாள். ஒரு இலையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு ஒன்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இதுங்க முட்டையிலிருந்து வந்ததே இந்தச் செடியிலதான் அங்கிள். கொண்டுபோய் ரோஜாச் செடியில விட்டா பட்டினியாவே செத்துடும், வாய் வைக்காது. பொழைச்சா ஆரஞ்சு கலர் பட்டாம்பூச்சி. இதோ, தண்டுல மஞ்சளா அப்பியிருக்கே, அசுவினி. அதைத் தின்ன பொறிவண்டு வருது. பூவுல தேன் குடிக்கக் கருவண்டு வருது. பூச்சியைப் பிடிக்க ஓணான் வருது, ஓணானைத் தேடி செம்போத்து வருது. எல்லாம் ஒண்ணை ஒண்ணு நம்பி இருக்குற குடும்பம். இந்த ஒரு செடியை எடுத்துட்டா மொத்தமும் கலைஞ்சுடும்."

"சும்மா கிளாஸ் எடுக்காதீங்க டீச்சர். பூச்சி வளர்க்கணும்னா உங்க ஸ்கூல்ல வளர்த்துக்குங்க. பெத்த அப்பாவைப் புதைச்ச இடம் இது! சொந்தம்னா செத்த பிறகும் வந்து நிக்கணும். இருக்கிறப்ப பார்த்துக்கிட்டது பெரிசில்லை, போன பிறகு எப்படி வச்சிருக்கோம்ங்கிறதுலதான் பாசம் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மற்றவர் வீட்டுப் பாசத்தை அளக்க யாருக்குத்தான் பிடிக்காது?

சித்தையனும் சேர்ந்துகொண்டார். "ஏனுங்க டீச்சரம்மா, அப்பன் கல்லறைக்கு ஒரு வெள்ளை அடிச்சா என்னங்க?"

"அப்பா கல்லறை இது இல்லைண்ணா. அதோ, ரெண்டு வரிசை தள்ளி. நேத்தே அடிச்சாச்சு."

சூசைநாதன் திரும்பிப் பார்த்தார். பால் மாதிரி வெள்ளையாக, மாலை, மெழுகுவர்த்தியோடு இருந்தது அது.

"அப்ப இது யாரு?"

"எங்க தெருவுல தனியா இருந்தவர். இடம் வேற ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் ரிஜிஸ்டர்ல என் பேரைக் குடுத்தேன்."

"ஏன், அவருக்குச் சொந்தபந்தமே இல்லையா?"

ஜெசிந்தா குனிந்து ஓரத்துப் புல்லைப் பிடுங்கினாள். "விடுங்க அங்கிள். ஓரத்துப் புல்லை மட்டும் நானே இன்னைக்குச் செதுக்கிடறேன்."

"எப்படி விடறது? எந்தப் புண்ணியவான் இப்படிப் போட்டுட்டுப் போனான்னு நானும் பார்க்கறேன். வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கறேன்!" எருக்கிலைகளை இரண்டு கையாலும் விலக்கினார்.

"வேண்டாம் அங்கிள்..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கல் தெரிந்துவிட்டது. 'ஏ. சவரிநாதன்.'

சூசைநாதனின் கை அப்படியே நின்றது. கூடப்பிறந்த அண்ணன். அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்த சண்டையில் பேச்சை நிறுத்தியவர்கள், அண்ணன் சாகிறவரை பேசவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் சாவுச் செய்தி சொல்ல ஒரு பெண் போன் செய்தபோது, "அவருக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று இவர் போனை வைத்துவிட்டார். கூப்பிட்டது யார் என்றுகூடக் கேட்கவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை.

"சார், மருந்து அடிக்கட்டுங்களா?" என்றார் சித்தையன்.

அவர் பிடித்திருந்த இலைகளை மெதுவாக விட்டார், கல்லில் பேர் மறைந்தது.

ஜெசிந்தாதான் மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"எங்க அப்பாவைப் பார்க்க நாங்க அஞ்சு பேர் வர்றோம் அங்கிள். உங்க அண்ணனைத் தேடி வர்றது இதுங்க மட்டும்தான். இதுங்களையும் வராம பண்ணிடாதீங்க."