ரோசாவின் விலாவில் ஒரு குழாய்

மூன்று தலைமுறையாக ஆலைத் தீவனம் தின்ற குதிரைகள் அந்த ஆண்டு பழனியில் ஈன்ற குட்டிகளுக்குப் புல்லே செரிக்கவில்லை. செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அவற்றின் குடலில் இல்லை. மாவட்டம் முழுக்கத் தேடியதில், ஜட்கா ஓட்டும் கமருன்னிசா குளக்கரையில் மேய்த்து வளர்த்த ரோசா என்ற பெண்குதிரையிடம் மட்டும் அவை மிச்சமிருந்தன.

"விலாவுல துளை போட்டு, குடலோட ஒரு குழாயை வெச்சுத் தைக்கணும்க்கா," என்றார் கால்நடை மருத்துவர் இளவேனில். "வேணுங்கறப்ப மூடியைத் திறந்து, குடல்நீரை எடுத்துக் குட்டிகளுக்குக் குடுக்கலாம்."

"செத்துப்போயிட்டா, டாக்டரம்மா? எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்."

மருத்துவர் பொய் சொல்லவில்லை. "நூத்துல ரெண்டு மூணு தவறும்."

மூன்றாம் நாள் காலையில் கமருன்னிசா தானே ரோசாவைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிவந்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, நிற்க வைத்தே அறுத்தார்கள். தையல் முடியும்வரை அவள் அதன் காதோரம் பேசிக்கொண்டே இருந்தாள். பத்து நாள் காய்ச்சலும் பயமுமாகக் கழிந்தன. பதினோராம் நாள் ரோசா வாளியை முட்டித் தீனி கேட்டது.

குழாயிலிருந்து எடுத்த குடல்நீரில் முதல் கிண்ணம் செபஸ்தியானின் குட்டிக்குப் போனது. வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, ஆறு வருடமாக அவளோடு பேசாதவன் அவன். எழ முடியாமல் கிடந்த குட்டி, நான்காம் நாள் எழுந்து நின்று, வாலைத் தூக்கி, கெட்டியாக லத்தி போட்டது.

செபஸ்தியான் அந்தச் சூடான உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடிவந்தான். "அக்கா, பாருக்கா, செரிச்சிருச்சு!"

"மொதல்ல அதைக் கீழ போட்டுட்டுக் கையைக் கழுவுப்பா," என்று சிரித்த கமருன்னிசா, அவனுக்கு டீ போட உள்ளே போனாள்.