தாழ்ப்பாள் இல்லாத அறை

மனநல ஆலோசகர் எஸ்தரின் அறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அடைபட்டுக் கிடந்தவர்கள் வருகிற இடம் என்று சொல்லி, வேலைக்குச் சேர்ந்த அன்றே தச்சரை வைத்துக் கழற்றிவிட்டாள். மூன்று வருடம் புருஷன் பூட்டி வைத்திருந்த செண்பகம், அந்த நாலு திருகாணித் துளைகளைப் பார்த்த பிறகுதான் உட்காரவே சம்மதித்தாள். என்ன நடந்தது என்று எஸ்தர் அவளை ஒருநாளும் கேட்டதில்லை. பயம் வந்தால் மூச்சை எப்படி விடுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

அங்கே வரத் தொடங்கிய எட்டாவது மாதம், செண்பகம் பையிலிருந்து ஒரு புதுத் தாழ்ப்பாளையும் திருப்புளியையும் எடுத்தாள்.

"இன்னைக்கு நானே உள்ள தாழ் போட்டுப் பாக்கணும் மேடம்."

எஸ்தருக்குப் பெருமை தாங்கவில்லை. "தாராளமா போடுங்க" என்றாள்.

பழைய துளைகளிலேயே செண்பகம் திருகாணிகளை முடுக்கினாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது.

தான் எப்போது எழுந்தோம், எப்படி இந்த மூலைக்கு வந்தோம் என்று எஸ்தருக்குத் தெரியவில்லை. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவள் கைகள் இரண்டும் காதுகளைப் பொத்தியிருந்தன.

செண்பகம் அருகே வராமல், எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மூச்ச மெதுவா விடுங்க மேடம். கதவு அங்கதான் இருக்கு. எப்பத் தெறக்கணும்னு நீங்க சொல்லுங்க."

என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை.