பரிசில்லாத போர்

கொம்பு நுனியளவே உள்ள பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாட, எருமை காரி மன்றத்துக்கு எல்லாரையும் அழைத்திருந்தது. மேசையில் மணலைக் கொட்டி மலையும் ஓடையும் அமைத்திருந்தது. நாரை முன்னதாகவே வந்து தன் வில்லாளிகளை நிறுத்திவிட்டிருந்தது.

சண்டைச் சேவல் செவலை தன் குதிரைப்படையோடு வந்தது. "பரிசே கிடையாதாமே? அப்புறம் எதுக்கு அண்ணே சண்டை? நான் கிளம்பறேன்."

"தாராளமா போ. படையை மட்டும் வச்சுட்டுப் போ. நாரை அக்காவுக்கு எதிரா நானே ஆடிக்கறேன்," என்றது காரி.

தன் குதிரைகளை எருமைக் குளம்பு தள்ளுவதா! செவலை முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தது. காரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

சற்று நேரத்தில் செவலையின் குதிரைகள் வளைத்துக்கொள்ள, நாரையின் வில்லாளிகள் ஓடைக்குள் சிக்கிக்கொண்டார்கள். "நீயா இருந்தா என்ன பண்ணுவே, தம்பி?" என்று நாரை கேட்டது.

செவலை அலட்சியமாக எழுந்து, நாரையின் பக்கம் போய் நின்று பார்த்தது. கழுத்தைச் சாய்த்து மறுபடியும் பார்த்தது.

காரி சுண்டலை இறக்கிவைத்துவிட்டு, "சாப்பிட வாங்க!" என்று குரல் கொடுத்தது. நாரை உடனே வந்துவிட்டது. செவலை தலையைத் தூக்கவே இல்லை.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. என் குதிரைங்க சுத்தி வளைச்சுடுச்சுங்க. அக்காவோட ஆளுங்களைக் காப்பாத்திட்டு வந்துடறேன்."