ஒரு சிவப்பு விளக்கு, முப்பத்தாறு குடை

ஒரு சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் முப்பத்தாறு குடைகளை விற்றவர் அஹமது கபீர்.

அதுவும் மழையில்லாத மத்தியானத்தில். அதுவும் நடைபாதையில் நின்றபடி, ஒரே பஸ்ஸின் ஜன்னல்கள் வழியாக.

"டிரைவரும் ஒண்ணு கேட்டாரு லா. ஸ்டாக் முடிஞ்சு போச்சு!"

ஜாலான் புசார் காப்பிக்கடையில் இந்தக் கதை ஞாயிறு தவறாமல் நடக்கும். கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் எல்லோரும் நம்பிவிட்டார்கள். செங்காங்கிலிருந்து ரயில் பிடித்து வரும் அண்ணாதுரை மட்டும் நம்பவில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். எட்டு வருடமாக நம்பவில்லை.

"இந்த வாய்க்கு இங்கிலீஷ்ல 'பேட்டர்'னு பேரு பாய்," என்றார் இன்று.

அந்தக் காலத்துப் பாதிரிகள் 'எங்கள் பிதாவே' ஜெபத்தை லத்தீனில் கடகடவென்று ஓட்டுவார்களாம். ஜெபத்தின் முதல் சொல் 'பேட்டர்'. போகப்போக அதுவே மூச்சுவிடாமல் பேசுவதற்குப் பெயராகி, கடைசியில் கூவி விற்கிறவன் வாய்ச்சாலத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

மட்டம் தட்டத்தான் சொன்னார். கபீருக்கோ குளிர்ந்துவிட்டது.

"அட, நம்ம நோன்பு மாசம் மாதிரி! வேகமா ஓதி முடிக்கிற பள்ளிவாசல்லதானே கூட்டம் அள்ளுது! என் வாய்க்கு வெள்ளைக்காரனே பேரு வச்சிருக்கான் பாருங்க!"

"பேரு இருக்கு. சாட்சி எங்க?" அண்ணாதுரை எதிரே இருந்த போக்குவரத்து விளக்கைக் காட்டினார். "அது அடுத்து சிவப்பாகிப் பச்சையாகறதுக்குள்ள ஒரே ஒரு சாட்சி. இல்லேன்னா ஒரு மாசம் இந்த மேசையில நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

யோசிப்பதற்குள் கபீரின் வாய் சரி என்றுவிட்டது. அது எப்போதும் அவருக்கு முன்னால் ஓடுகிற வாய்.

தேக்கா சந்தையில் வாங்கிய கீரைக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நூருன்னிசா ஆவலாகக் கேட்டார்: "வீட்டுக்கும் சேர்த்தா சார்?"

விளக்கு சிவப்பானது.

ஒரு பஸ் வந்து நின்றது. இப்போதெல்லாம் ஏர்கான் பஸ். திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. உள்ளே எல்லாத் தலைகளும் கைப்பேசிக்குள் கவிழ்ந்திருந்தன.

நாற்பது வருடத்துக்கு முந்தைய பஸ். அதில் போனவர்களை எங்கே போய்த் தேடுவது? ஒரு மாதம். நாலு ஞாயிறு.

கபீர் வாயை மூடிக்கொண்டார், பழகிப் பார்ப்பதுபோல.

காப்பிக்கடையே திடுக்கிட்டது. டீ ஆற்றுகிறவரின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த மேசைச் சீனப் பெரியவர் செய்தித்தாளை இறக்கி, இவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தார். நூருன்னிசாவின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. மெல்லக் கணவரின் முழங்கையைத் தொட்டார்.

விளக்கு இன்னும் சிவப்பு.

அண்ணாதுரை ஒரு வாய் டீ குடித்தார். ருசிக்கவில்லை போலிருக்கிறது, தம்ளரைக் கீழே வைத்தார். கபீரைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார்.

"சாட்சி இருக்கான்," என்றார்.

கபீரின் புருவம் மட்டும் ஏறியது.

"பின்னால கடைசி ஜன்னல். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. மார்சிலிங் வந்து இறங்கினப்புறம்தான் பாக்கிறேன், ரெண்டு கையிலயும் குடை. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. எனக்கு என்ன ஆச்சுன்னே புரியல பாய்."

விளக்கு பச்சையானது. பஸ் நகர்ந்தது.

"அன்னிக்குச் சாயங்காலம் இந்த வாய்க்கு என்ன பேருன்னு அகராதியை எடுத்து வச்சுத் தேடுனேன். அந்த 'பேட்டர்' எனக்குத் தெரிஞ்சதே அப்படித்தான்."